ரத்தினபாய் தடுக்கவில்லை

ராஜகீழ்ப்பாக்கம்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் ஷாயிஸ்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். கையில் போனை வைத்துக்கொண்டு கடிதம் எழுதுவதற்கு முதலில் என்னை மன்னித்துக்கொள். குர்கானில் உன் ஹாஸ்டல் வாசலில் தபால்காரர் நின்று உன் பெயரைக் கூப்பிட்டால் உன்னோடு இருக்கும் பெண்கள் சிரிப்பார்களோ என்னவோ. ஆனால் எனக்குப் போனில் கோபப்பட வராது, உனக்குத் தெரியும். குரல் நடுங்கும், நீ "அம்மா மீட்டிங், அப்புறம் கூப்பிடறேன்" என்பாய், நானும் சரிம்மா, சாப்பிட்டியா என்று கேட்டு வைத்துவிடுவேன். போன புதன்கிழமையும் அப்படித்தான் ஆனது. எழுதும்போது யாரும் குறுக்கே பேச முடியாது, அதனால் எழுதுகிறேன். இங்கே உன் அத்தா, அக்தர், நான் மூன்று பேரும் அல்லாஹ்வின் கிருபையால் சுகமாக இருக்கிறோம். நீ சுகமாக இருப்பதை உன் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் தினமும் பார்த்துக்கொள்கிறேன்.

வெயில் தாங்கவில்லை. மாடித் தொட்டித் தண்ணீர் காலையிலேயே கொதிக்கிறது. அக்தர் கடைசிப் பரீட்சையை எழுதிவிட்டு வந்து படுத்தவன் இன்னும் எழுந்திருக்கவில்லை. அத்தாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, ஆனால் ஏணியில் ஏறாதீர்கள் என்றால் கேட்பதில்லை. கடையில் ஜன்னல் வேலை நிறைய வந்திருக்கிறது. அப்புறம், உன் சான்றிதழ் வந்து சேர்ந்தது. 'சிறந்த வழிகாட்டி' என்று தங்க எழுத்தில் போட்டு உன் மென்ட்டரிங் அமைப்பு அனுப்பியிருந்ததே, அதற்கு அத்தா தன் கையாலேயே கண்ணாடி வெட்டி, கறுப்பு அலுமினியத்தில் சட்டம் போட்டு, கல்லாவுக்குப் பின்னால் மாட்டினார். கொசுவலைக் கதவுக்கு அளவு சொல்ல வந்தவரிடம்கூட, "என் பொண்ணுங்க, ஏழைப் பிள்ளைங்களுக்கு வழிகாட்டி" என்று காட்டிவிட்டுத்தான் டேப்பைக் கையில் எடுத்தார். நான் அதைக் கழற்றி வலைச் சுருள்களுக்குப் பின்னால் வைத்துவிட்டேன். எங்கே என்று கேட்டார், ஆணி ஆடுது என்றேன். உடனே டிரில் மிஷினோடு வந்து நின்றார். அந்த மனிதரிடம் நான் எதைச் சொல்வது. ஏன் கழற்றினேன் என்பது இன்னும் அவருக்குத் தெரியாது. உனக்குத் தெரிந்திருக்கும்.

தாம்பரத்து மண்டபத்தில் உங்கள் அமைப்பின் ஆண்டு விழா நடந்தபோது நீ அங்கே இல்லை, திரையில் போட்ட படத்தில்தான் இருந்தாய். நான் இருந்தேன். என் பக்கத்தில் ரோஸியின் அம்மா ரத்தினபாய் இருந்தாள். ரத்தினபாய் யார் என்று உனக்கே நான் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் அந்தப் படத்தைப் பார்த்த பிறகு உனக்கு எது ஞாபகம் இருக்கிறது, எது மறந்தது என்று எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. நீ காலேஜ் கடைசி வருஷம் படிக்கும்போது, அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமை தோறும் துணையாக இருக்கப் போகிறேன் என்று அந்த அமைப்பில் சேர்ந்தாய். உனக்கென்று கொடுத்த பெண் ரோஸி. கோவிலம்பாக்கத்திலிருந்து மேடவாக்கம் வந்து, அங்கிருந்து ஷேர் ஆட்டோ பிடித்து நம் வீட்டுக்கு வருவாள், அப்போது பதினோராம் வகுப்பு. முதல் சனிக்கிழமை அவளைக் கூட்டிக்கொண்டு வந்தது யார்? எக்ஸ்போர்ட் கம்பெனியில் ஷிப்ட் முடித்து, கம்பெனி அடையாள அட்டையைக் கழுத்திலிருந்து கழற்றக்கூட மறந்து வந்து நின்றவள் யார்? "இவ நல்லாப் படிப்பாம்மா, வாயத் தெறந்து பேசத்தான் பயப்படுவா. அத மட்டும் போக்கிட்டா போதும்" என்று சொன்னாள். உள்ளே வா என்றால் வரவில்லை, கடையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து தூங்கிக்கொண்டே காத்திருந்தாள். மறுவாரமும் அப்படித்தான். அத்தாதான் மின்விசிறியை அவள் பக்கம் திருப்பி வைத்தார். ரோஸியின் அப்பா எப்போதோ விட்டுப் போனவர், அந்தப் பெண்ணைப் பள்ளியில் வைத்திருந்தது ரத்தினபாய் ஒருத்தியின் கை. இதெல்லாம் உனக்குத் தெரியாததா?

அந்த நோட்டையாவது ஞாபகம் வைத்திருக்கிறாயா. ரத்தினபாய் தன் கம்பெனியில் துணி வெட்டும் மேஜையில் மிஞ்சும் நீளக் காகிதத்தைச் சூப்பர்வைசரிடம் கேட்டு வாங்கி, பக்கம் பக்கமாக மடித்து, மதியச் சாப்பாட்டு நேரத்தில் தையல் மிஷினில் நடுவே ஒரு தையல் ஓட்டி, ரோஸி கணக்குப் போட்டுப் பார்க்க நோட்டாக்கிக் கொண்டுவருவாள். சிவப்பு நூல், நீல நூல், எந்த நூல் மிஷினில் இருந்ததோ அந்த நூல். ரோஸி அதைப் பெருமையாக உன்னிடம் காட்டினாள், நீயும் சூப்பர் என்று சொல்லி உனக்கு ஒன்று கேட்டு வாங்கிக்கொண்டாய். அந்த நோட்டைத்தான் படத்தில் கிட்டத்தில் காட்டினார்கள், பின்னால் அழுகிற மாதிரி வயலின். நோட்டு வாங்கக்கூட வழியில்லாத பெண் என்று ஒரு குரல் சொன்னது.

உன் முகம் திரையில் வந்தவுடன் அந்த மண்டபத்திலேயே முதலில் கை தட்டியது ரத்தினபாய்தான். "நம்ம ஷாயிஸ்தா பாப்பா" என்று முன்வரிசையில் இருந்தவரிடம் சொன்னாள். நீ உன் ஆபீஸ் கண்ணாடிக்கு முன்னால் நின்று சிரித்துக்கொண்டே பேசினாய். "ரோஸிய நான் முதல்ல பார்த்தப்போ அவ தலையே நிமிர மாட்டா. அவங்க அம்மா, பத்தாவதோட போதும், படிப்ப நிறுத்திட்டுக் கம்பெனிக்கு வான்னு சொல்லிட்டாங்க. நான் அந்த அம்மாகிட்ட பல தடவ பேசி, மனச மாத்தி" என்று. ரத்தினபாயின் கைகள் தட்டுவதற்காக எடுத்தபடியே நின்றுவிட்டன. மேடையில் ஒரே மாதிரி டி-ஷர்ட் போட்டு வரிசையாக நிறுத்தியிருந்த பெண்களில் ரோஸியும் இருந்தாள். திரை அவளுக்குப் பின்னால் இருந்ததால் உன்னை அவளால் பார்க்க முடியவில்லை, கேட்க மட்டும் முடிந்தது. கூட்டத்தில் தன் அம்மாவை அவள் தேடினாள் பார், அந்தப் பார்வையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

அதோடு விட்டார்களா. சிறப்பு விருந்தினராக வந்த சூர்யநாராயணன் என்ற பெரியவர், பாவம் நல்ல மனிதர்தான், மைக்கைப் பிடித்து, "பிள்ளைங்க மாறுறது பெருசில்ல, பெத்தவங்க மனசு மாறுது பாருங்க, அதுதான் பெருசு. அந்தத் தாய் வந்திருக்காங்களா? மேடைக்கு வாங்கம்மா" என்று கூப்பிட்டுவிட்டார். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ரத்தினபாய் எழுந்து போனாள். போகாமல் என்ன செய்வாள், ரோஸி அங்கே நிற்கிறாளே. மகள் படிப்பைத் தடுத்து, பிறகு திருந்திய தாய் என்று அவளுக்குச் சால்வை போர்த்தினார்கள். போட்டோ எடுத்தார்கள். "சிரிங்கம்மா" என்றார் போட்டோக்காரர். அவள் சிரித்தாள். நான் என் இருக்கையில் உட்கார்ந்தே இருந்தேன். எழுந்து இது பொய் என்று சொல்லத் தொண்டை வரை வந்தது. இருநூறு பேர் முன்னால் எழுந்து பேசுகிற தைரியம் எனக்கு எப்போது இருந்தது.

இறங்கி வந்து சால்வையை மடித்து நாற்காலி மேல் வைத்தாள். சமோசா வரிசையில் நிற்கும்போது என் காதருகே வந்து ஒன்றே ஒன்று கேட்டாள். "நான் எப்பக்கா அப்படிச் சொன்னேன்?" அவ்வளவுதான். சால்வையை விட்டுவிட்டே போய்விட்டாள். பெருக்க வந்தவர்கள் குப்பையோடு அள்ளிவிடுவார்கள் என்று நான் எடுத்து வந்தேன், என் பீரோவில் இருக்கிறது. துணி எடுக்கத் திறக்கும்போதெல்லாம் அது என்னைப் பார்க்கிறது.

அதற்கப்புறம் நடந்ததைக் கேள். நடுவில் பிளஸ் டூ முடிவு வந்தது, ரோஸி நல்ல மார்க் வாங்கியிருக்கிறாள், கணக்கில் வகுப்பிலேயே முதல். நீ ஸ்டேட்டஸில் 'மை கேர்ள்' என்று போட்டு இதயம் எல்லாம் வைத்திருந்தாய், அவளுக்கு ஒரு போன் செய்தாயா? செய்யவில்லை என்று அவளே சொன்னாள். வேலைக்குப் போன புதிதில் சனிக்கிழமை தவறாமல் வீடியோவில் பேசினாய். பிறகு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஆனது, பிறகு "இந்த வாரம் முடியல டா" என்று செய்தி மட்டும். அவள் அப்போதும் சனிக்கிழமை நம் வீட்டுக்கு வந்துகொண்டுதான் இருந்தாள், என் போனில் உன்னைப் பார்க்கலாம் என்று. முறுக்கு தின்றுவிட்டு, அக்தரோடு சண்டை போட்டுவிட்டுப் போவாள். அதையெல்லாம் நான் உன்னிடம் குறையாகச் சொன்னதே இல்லை. வேலை அப்படி, தூரம் அப்படி. ஆனால் பேச நேரமில்லாதவளுக்குப் படத்தில் பேச மட்டும் நேரம் எங்கிருந்து வந்தது?

மார்க் வந்த வாரம் ரோஸி கடைக்கு வந்தாள். ஸ்வீட் கொண்டுவருவாள் என்று நினைத்தேன். வெறும் கையோடு வந்து கல்லா ஓரமாக நின்று, "ஆன்ட்டி, நான் கம்பெனில சேரப் போறேன்" என்றாள். எனக்குப் புரியவில்லை. "அம்மா என்னாண்ட பேசறதே இல்ல ஆன்ட்டி. சோத்தப் போட்டு மூடி வெச்சிட்டுப் போயிடுது. நீ சொல்லாம அந்த அக்கா எப்படிடீ அப்படிப் பேசும், என்னப் பத்தி வெளிய இன்னா இன்னா சொல்லி வெச்சிருக்க நீன்னு ஒரு நாள் கேட்டுச்சு, அதோட சரி. நான் பைபிள் மேல கை வெச்சுச் சொன்னேன், நம்பலை. நேத்துதான் வாயத் தெறந்துச்சு, படிப்ப நிறுத்தினவ இவன்னு சால்வையே போத்திட்டாங்க, அப்ப நிறுத்திடறேன், ஒண்ணாந்தேதி வந்து கம்பெனில பேரு குடுன்னுச்சு." அத்தா அப்போது கண்ணாடி வெட்டிக்கொண்டிருந்தார், அந்தச் சத்தத்தில் அவர் காதில் எதுவும் விழவில்லை. நான் அந்தப் பெண்ணுக்கு மோர் கொடுத்தேன். வேறு என்ன கொடுப்பது என்று தெரியவில்லை.

புரிகிறதா ஷாயிஸ்தா. இல்லாத ஒன்றை நீ சொன்னாய். இப்போது அது நடக்கப் போகிறது. ரத்தினபாய் தடுக்காத படிப்பை, தடுத்தாள் என்று நீ சொன்னதாலேயே தடுக்கிறாள். கல்லூரி விண்ணப்பத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது, ரோஸி பாதி நிரப்பி வைத்திருக்கிறாள். அம்மா போனுக்கு வரும் ஓடிபி எண்ணைக் கேட்டுப் போட வேண்டும், கேட்க முடியவில்லையாம்.

மறுநாள் நான் கோவிலம்பாக்கம் போனேன். ரத்தினபாய் துணி அலசிக்கொண்டிருந்தாள், முந்தானையில் கை துடைத்து "வாங்கக்கா" என்றாள், முகத்தில் ஒன்றுமே காட்டவில்லை. ரோஸி அப்படிச் சொல்லியிருக்க மாட்டாள் ரத்தினபாய், எனக்குத் தெரியும் என்றேன். அவள் வாளியைத் தள்ளிவைத்துவிட்டு நிதானமாகக் கேட்டாள், "அப்ப உங்க பொண்ணு பொய் சொல்லிச்சாக்கா?" அந்த வாசலில் நான் நின்றேன். ஆமாம் என்று வாய் வரவில்லை. இல்லை என்றும் வரவில்லை. போன் போட்டுத் தரேன், நீயே கேளேன் என்றேன். "போன்ல எல்லாரும் நல்லாத்தான் பேசுவாங்க. அன்னிக்கும் நல்லாத்தானே பேசிச்சு" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. பிறகு தண்ணி குடிக்கிறீங்களா என்று கேட்டாள். அவள் என்னைத் திட்டியிருந்தால் நான் நிம்மதியாக வீடு திரும்பியிருப்பேன்.

உங்கள் அமைப்பின் ஸ்ரீவித்யா மேடத்துக்கும் போன் செய்தேன், எவ்வளவு ஒத்திகை பார்த்துவிட்டுச் செய்தேன் என்று அக்தரைக் கேள். அந்தப் படத்தை எடுத்துவிடுங்கள் என்று கேட்டேன். "ஆன்ட்டி, அது எல்லாருக்கும் போடற ஒரு ஸ்டோரி மாதிரிதான். முன்னாடி எப்படி, நடுவுல என்ன தடை, அப்புறம் எப்படி மாறுனாங்க, அப்படி இருந்தாதான் டொனேட் பண்றவங்க பார்ப்பாங்க. ரோஸி அம்மா படிக்காதவங்க, இதெல்லாம் பெருசா எடுத்துக்க மாட்டாங்க" என்றார். நான் சரிங்க மேடம், தாங்க்ஸ் என்று வைத்துவிட்டேன். தாங்க்ஸ் சொன்னேன் பார், அதை நினைத்து அன்று முழுக்க என் மேலேயே எனக்கு எரிச்சல்.

புதன்கிழமை உன்னிடம் கேட்டேன். நீ என்ன சொன்னாய்? "அம்மா, படம் எடுத்தவங்க, தடை என்னன்னு ஒரு பாயின்ட் கேட்டாங்க. ரோஸி விஷயத்துல எனக்கு எதுவும் தோணல. பொதுவா அம்மாங்க அப்படித்தானே இருப்பாங்கன்னு நானே சொல்லிட்டேன். யார் அதெல்லாம் கவனிக்கப் போறாங்க" என்றாய். மீட்டிங் வந்துவிட்டது. பொதுவாக அம்மாக்கள் அப்படித்தானாம். எந்த அம்மா அப்படி இருந்தாள், நான் இருந்தேனா? என் பக்கம், அத்தா பக்கம் இரண்டு குடும்பத்திலும் முதலில் பட்டம் வாங்கியவள் நான். என் அம்மாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது, என்னைக் கல்லூரிக்கு அனுப்பியதும் அவள்தான். ஆனால் கடைசி நாள் விழாவில் எங்கள் துறைத் தலைவி, "வீட்டில் அவ்வளவு எதிர்ப்புக்கு நடுவே படித்து வந்த பரிதா" என்று என்னை அறிமுகம் செய்தார். எதிர்ப்பு இருந்ததா என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. படிக்காத அம்மா என்றால், அதிலும் துப்பட்டா போட்ட அம்மா என்றால், தடையாகத்தான் இருந்திருப்பாள் என்று அவர்களே முடிவு செய்துகொண்டார்கள். நானும் தலையைக் குனிந்து புத்தகப் பரிசை வாங்கிக்கொண்டு வந்தேன். அவர்களுக்கு நம் வீடு தெரியாது, அதனால் பேசினார்கள் என்று ஆறிக்கொண்டேன். உனக்கு ரத்தினபாயைத் தெரியுமே. அவள் தைத்த நோட்டு உன் மேஜையில் இருந்ததே. அறையில் போய்ப் பார்த்தேன், இன்னும் இருக்கிறது, பச்சை நூல்.

நீ செய்த நல்லதை நான் மறுக்கவில்லை. முதல் வருஷம் தலையை நிமிர்த்தாத பெண் இன்று அக்தரை இங்கிலீஷிலேயே திட்டுகிறாள், அது நீ செய்ததுதான். அதை மட்டும் சொல்லியிருந்தால் போதுமே, மண்டபம் கை தட்டியிருக்காதா? தட்டாவிட்டால்தான் என்ன போயிற்று? துணையாக இரு என்றுதானே உன்னை அனுப்பினார்கள். அவளுக்கு இருந்த துணையைப் பிடுங்கிவிட்டு, அந்த இடத்தில் நீ நின்றுகொண்டாய். நீ நின்றதும் எத்தனை நாள்.

கோபத்தில் எழுதிக்கொண்டே போகிறேன். வேளைக்குச் சாப்பிடு, அங்கே வெயில் இங்கேயைவிட அதிகம் என்று டிவியில் சொன்னார்கள், மோர் கிடைத்தால் குடி. ஏசிக்கு நேர் கீழே படுக்காதே, உனக்குச் சளி பிடிக்கும். ஐந்து வேளைத் தொழுகையிலும் உனக்குத்தான் முதலில் துஆ கேட்கிறேன், இத்தனை கோபத்திலும் அது மாறவில்லை. அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும் நேரான நாக்கையும் தரட்டும். இதைப் படித்துவிட்டு அக்தரிடம் புலம்பாதே, அவனுக்கு வாய் நிற்காது, அத்தா காதுக்குப் போய்விடும். அத்தாவிடம் நானே சொல்வேன், நீ வந்த பிறகு.

வந்த பிறகு என்று எழுதிவிட்டேன். முதல் வரியிலேயே கேட்க நினைத்தது இதுதான், கேட்கக் கூச்சமாக இருந்ததால் இத்தனை பக்கம் ஆகிவிட்டது. பக்ரீத்துக்கு டிக்கெட் போட்டிருக்கிறாயே, அதை மாற்றி, இது கைக்குக் கிடைத்த வாரமே வா. லீவு கிடைக்கவில்லை என்று சொல்லாதே. ரத்தினபாய் போனை நம்ப மாட்டாள். நான் போய்ச் சொன்னாலும், அம்மாவையும் பெண்ணையும் சேர்த்துவைக்க அக்கா ஏதோ சொல்கிறாள் என்றுதான் நினைப்பாள். நானே உண்மையைச் சொல்லிவிடலாம் என்று நேற்றுக் கிளம்பி, ஷேர் ஆட்டோ நிற்கும் இடம் வரை போய்த் திரும்பி வந்தேன். நீ வந்து அந்த வாசலில் நில், ரோஸி பக்கத்தில் இருக்கும்போது, ரோஸி எதுவும் சொல்லவில்லை, நான்தான் சொன்னேன், நீங்கள் ஒருநாளும் தடுக்கவில்லை என்று உன் வாயால் சொல். அவள் உள்ளே கூப்பிடாவிட்டாலும் சொல். நான் உன் பக்கத்தில் நிற்கிறேன். உங்க பொண்ணு பொய் சொல்லிச்சா என்று அவள் என்னிடம் கேட்ட கேள்விக்கு இன்னும் நான் பதில் சொல்லவில்லை, நீ வந்தால் நானும் சொல்லிவிடுவேன்.

இப்படிக்கு,
உன் அம்மா
பரிதா